குட்டிக்கும் நாலு பேர் தெரியணும்!

ஒரு வீட்டுக்குப் புதுசா நாய்க்குட்டி வந்தா முதல் நாள் என்னெல்லாம் நடக்கும், கவனிச்சிருக்கீங்களா பாஸ்?

"இதையெல்லாம் யாரு கழுவி விடறது? நாளைக்கே திருப்பிக் கொடுத்துட்டு வந்துரு" என்று அப்பா பேப்பரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போவார். "பூஜை ரூம் பக்கம் மட்டும் வரக் கூடாது, சொல்லிட்டேன்" என்று அம்மா எல்லைக்கோடு போடுவார். தங்கச்சி பத்து போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பாள். ஏழாவது நாள் போய்ப் பாருங்க. அப்பாவோட செருப்புக்குப் பக்கத்துல குட்டி குறட்டை விட்டுத் தூங்கும். "மெதுவா பேசுங்கடா, இப்பதான் தூங்குச்சு" என்று அதட்டுறது வேற யாருமில்லை, அதே அப்பாதான்!

அப்புறம் பார்க்க வர்ற கூட்டம். "என்ன பிரீட்?" "என்ன ரேட்?" "கடிக்குமா?" கேள்வி மேல கேள்வி. ஆனா யாருமே கேட்காத கேள்வி ஒண்ணு இருக்கு: "குட்டிக்கு எத்தனை வாரம் ஆச்சு?"

இந்த வார மேட்டரே அந்தக் கேள்விதான்.

ஐந்தில் வளையாதது...

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?"ன்னு நமக்குச் சொல்லிச் சொல்லியே வளர்த்தாங்க இல்ல? நாய்க்குட்டிக்கும் அதே பழமொழிதான். ஒரே ஒரு திருத்தம். அதுக்கு அந்த ஐந்து, வயசு இல்லை... வாரம்!

குட்டி பிறக்கும்போது கண்ணும் தெரியாது, காதும் கேக்காது. கண் திறக்க சுமார் 2 வாரம், காது திறக்க ஏறக்குறைய 3 வாரம். அதுக்கப்புறம்தான் அதோட உலகமே ஆரம்பிக்குது. அந்த 3-வது வாரத்துல இருந்து 12-வது வாரம் வரைக்கும், சில குட்டிகளுக்கு 14 வரைக்கும், மனசுல ஒரு ஜன்னல் திறந்திருக்கும். அந்த நேரத்துல எதையெல்லாம் பார்க்குதோ, கேக்குதோ, மோப்பம் பிடிக்குதோ, அதையெல்லாம் "ஓகே, இது நம்ம ஆளு" என்று மனசுக்குள்ள ஒரு லிஸ்ட்ல எழுதிக்கும். ஜன்னல் மூடின பிறகு புதுசா எது வந்தாலும் "யாருடா நீ?"தான்.

இது ஏன்? ரொம்பச் சின்னக் குட்டிக்கு ஆர்வம் ஜாஸ்தி, பயம் கம்மி. எதைப் பார்த்தாலும் ஓடிப் போய் மோந்து பார்க்கும். வாரங்கள் ஆக ஆக பயம் வளரும். ஒரு கட்டத்துல பயம், ஆர்வத்தை ஓவர்டேக் பண்ணிடும். காட்டுல வாழற மிருகத்துக்கு அது நல்லதுதான். கண்டதையும் நம்பிப் பக்கத்துல போனா உயிர் போயிடுமே! ஆனா நம்ம வீட்டுக் குட்டி வாழப்போறது காட்டுல இல்லை. ஆட்டோ ஹாரனுக்கும் மிக்ஸி சத்தத்துக்கும் நடுவுல.

இதைச் சும்மா சொல்லலை. அமெரிக்காவில், மெய்ன் மாநிலத்தின் பார் ஹார்பர் ஊரில் உள்ள ஜாக்ஸன் ஆய்வுக்கூடத்தில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் பல வருஷம் நாய்க்குட்டிகளை வளர்த்து ஆராய்ந்தார்கள். 1965-ல் அதைப் பெரிய புத்தகமாகவே போட்டார்கள். அதே இடத்துக் குட்டிகளை வைத்து நடந்த ஒரு சோதனை 1961-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. உயரமான வேலி போட்ட ஒரு ஏக்கர் நிலம். உள்ளே தாய் நாயும் குட்டிகளும். சாப்பாடு வரும், மனுஷன் வரமாட்டான். சில குட்டிகளை 2-வது வாரத்தில், சிலதை 3-ல், 5-ல், 7-ல், 9-ல் எடுத்து, ஒரே ஒரு வாரம் மனிதர்களோடு விளையாட விட்டுத் திரும்பக் கொண்டுபோய் விட்டார்கள். சில குட்டிகளை மட்டும் 14 வாரம் வரை எடுக்கவே இல்லை.

ரிசல்ட்? நடு வாரங்கள்ல ஒரே ஒரு வாரம் மனுஷனோட பழகின குட்டிகள் பின்னாடியும் மனுஷனை ஏத்துக்கிச்சு. 14 வாரம் வரை யாரையும் பார்க்காத குட்டிகள், ஆளைக் கண்டாலே மிரண்டு ஓடுற காட்டு மிருகம் மாதிரி ஆயிடுச்சு. அப்புறம் என்ன கொஞ்சினாலும் அந்த மிரட்சி முழுசாப் போகலை. நல்ல சாப்பாடு, நல்ல ஜாதி, நல்ல ஆரோக்கியம், எல்லாம் இருந்தும்!

இங்கிலீஷ்ல இதுக்கு சோஷியலைசேஷன்னு பேரு. நம்ம பாட்டி பாஷையில, "நாலு பேரோட பழக விடறது."

ஊசியா, ஊரா?

இப்ப நம்ம வீட்டுக் கதைக்கு வருவோம். குட்டி வந்ததும் அட்வைஸ் அண்ணன்கள் முதல்ல சொல்றது: "ஊசி எல்லாம் முடியுற வரைக்கும் வெளிய விட்றாதே." இது தப்பான அட்வைஸ் இல்லை. பார்வோ என்கிற வைரஸ் உண்மையிலேயே வில்லன்தான். 1978-ல் உலகத்துக்கே புதுசாகத் தலைகாட்டிய நோய் இது. வாந்தி, ரத்தக் கழிச்சல் என்று ரெண்டே நாளில் குட்டியைச் சுருட்டிவிடும். நோய்வாய்ப்பட்ட நாய் கழித்த இடத்து மண்ணில் அந்த வைரஸ் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். நம்ம செருப்புல ஒட்டிக்கிட்டு வீட்டுக்குள்ளேயே வரும். செருப்பை வாசல்லயே விடற நம்ம ஊர்ப் பழக்கம் இருக்கு பாருங்க, குட்டி இருக்கிற வீட்டுக்கு அதைவிட நல்ல பாதுகாப்பு இல்லை!

ஆனா கணக்கைப் பாருங்க. தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் ஆரம்பிக்கும். அப்புறம் 2 முதல் 4 வாரத்துக்கு ஒரு தடவை, 16 வாரம் ஆகிற வரைக்கும் திரும்பத் திரும்பப் போடுவார்கள். தாயோட சீம்பால்ல இருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குட்டி உடம்புல இருக்கிற வரைக்கும், அது ஊசி மருந்தையும் எதிரின்னு நினைச்சு அழிச்சிடும். அது எப்ப தீரும்னு குட்டிக்குக் குட்டி மாறும். அதனாலதான் இத்தனை ரவுண்டு. நடுவுல, 3 மாதம் ஆனதும் ரேபிஸ் ஊசி தனி.

ஆக, ஊசி முடியறது 16-வது வாரம். ஜன்னல் மூடறது 12, 14-வது வாரம். புரியுதா சிக்கல்? "ஊசி முடிஞ்சதும் பழக்கிக்கலாம்"னு உட்கார்ந்திருந்தா, ரயில் போனப்புறம் பிளாட்பார்ம் டிக்கெட் எடுத்த கதைதான்.

அமெரிக்கன் வெட்டர்னரி சொசைட்டி ஆஃப் அனிமல் பிஹேவியர் என்ற கால்நடை மருத்துவர்கள் அமைப்பு 2008-ல் இதைப் பத்தி ஒரு அறிக்கையே வெளியிட்டது. 3 வயசுக்குள்ள நாய்கள் உயிரிழக்க முதல் காரணம் தொற்றுநோய் இல்லை, நடத்தைப் பிரச்னைகள்தான் என்றது அந்த அறிக்கை. அதாவது பயந்து, கடிச்சு, குலைச்சு, "இதை வச்சுக்க முடியாது"ன்னு கைவிடப்பட்டு, கருணைக் கொலையில முடியற நாய்கள். அதனால எல்லா ஊசியும் முடியற வரை காத்திருக்காதீங்க, முதல் ஊசி போட்டு 7 நாள் ஆன, பூச்சி மருந்தும் கொடுத்த குட்டிகளைச் சுத்தமான இடத்துல நடக்கிற குட்டி வகுப்புகளுக்கு 7, 8 வாரத்திலேயே கூட்டிட்டுப் போகலாம் என்றார்கள்.

"அது அமெரிக்கா பாஸ், நம்ம தெருவைப் பார்த்தீங்களா?" நியாயமான கேள்வி. பதில் ரொம்ப சிம்பிள்.

தூக்கிக்கோ... கிளம்பு!

குட்டி ஊரைப் பார்க்கணும், ஊர் மண்ணு குட்டி மேல படக்கூடாது. அவ்வளவுதானே? தூக்கிட்டுப் போங்க! தோள்ல ஒரு துண்டு, துண்டுல குட்டி. இல்லைன்னா ஒரு கூடை. 3 மாசம் வரைக்கும் நாட்டுக்குட்டியும் கைக்குள்ள அடங்கும், லாப்ரடாரும் அடங்கும். அதுக்கப்புறம் லாப்ரடாரைத் தூக்கணும்னா ஜிம்முக்குப் போகணும்!

தெருவில் தரையில் விட வேண்டாம். ஊசி போட்டாங்களான்னு தெரியாத நாய்களோட மூஞ்சி வச்சு விளையாட விட வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போனா, அங்கேயும் தரையில் விடாம மடியிலேயே வச்சிக்கங்க. குட்டியோட உடம்புநிலை, உங்க ஏரியா நிலவரம் இரண்டையும் உங்க டாக்டர்கிட்ட சொல்லி, எதுவரைக்கும் போகலாம்னு கேட்டுக்கங்க. மத்தபடி தெருமுனை டீக்கடை தள்ளி நின்னு பார்க்கலாம். பஸ் ஸ்டாப்புக்கு எதிர்ப்பக்கம் நிக்கலாம். ஸ்கூல் விடுற நேரத்துல கேட்டுக்கு வெளியே பத்து நிமிஷம். ஊசி எல்லாம் போட்ட, சாந்தமான நாய் இருக்கிற ஃப்ரெண்டு வீட்டுக்கு ஒரு விசிட். கல்லூரிப் பசங்களுக்குச் செலவே இல்லாத அவுட்டிங் பாஸ் இது!

எதையெல்லாம் காட்டணும்? நாலு வகையா பிரிச்சுக்கங்க.

மனுஷங்க: தாடி வச்சவர், கண்ணாடி போட்டவர், ஹெல்மெட் கழட்டாத டெலிவரி அண்ணன், கைத்தடி ஊன்றி வர்ற தாத்தா, குடை பிடிச்ச பாட்டி, புர்கா போட்ட அக்கா, யூனிஃபார்ம் போட்ட வாட்ச்மேன், கேஸ் சிலிண்டரை உருட்டிட்டு வர்றவர், ஓடி ஆடற வாண்டுங்க. நமக்கு இவங்க எல்லாரும் 'மனுஷங்க'. குட்டிக்கு ஹெல்மெட் போட்டவர் வேற ஜந்து, போடாதவர் வேற ஜந்து!

சத்தம்: குக்கர் விசில், மிக்ஸி, வாஷிங் மெஷின், காலிங் பெல், ஆட்டோ, பாத்திரம் விழற 'டமார்', கோயில் மணி, பாங்கு ஓசை, மைக் செட்.

தரை: வழுக்கற டைல்ஸ், மொட்டை மாடி சிமென்ட், கோரைப்பாய், படிக்கட்டு, ஈரத் தரை. வீட்டுக்குள்ளேயே முடியற வேலை.

தொடுதல்: காதைப் புரட்டிப் பார்க்கிறது, வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறது, பாதத்தைப் பிடிக்கிறது, நகம் வெட்டற மாதிரி தொட்டு விடறது. நாளைக்கு டாக்டர் டேபிள் மேல நிக்கும்போது இந்தப் பழக்கம்தான் காப்பாத்தும்.

அமெரிக்காவில் குட்டிகளுக்கான வகுப்புகளைப் பிரபலமாக்கிய கால்நடை மருத்துவர் இயன் டன்பார், வீட்டுக்கு வந்த முதல் மாசத்துக்குள்ள குட்டி 100 பேரையாவது சந்திக்கணும்னு சொல்றவர். 100 பேரா என்று மலைக்காதீங்க. நம்ம ஊர்ல ஒரு வளைகாப்பு வச்சாலே ஆயிடும்!

சாய்ஸ் குட்டியோடது

இங்கேதான் நிறைய பேர் வழுக்கி விழறாங்க. "பழக்கணும்"னு சொன்னதும் குட்டியைக் கொண்டுபோய் கூட்டத்துக்கு நடுவுல வச்சு, ஆளாளுக்குத் தூக்கி, கிள்ளி, செல்ஃபி எடுத்து, கை மாத்தி கை மாத்தி... அது பழக்கறது இல்லை, ராகிங்! ஃபர்ஸ்ட் இயர்ல ராகிங் பண்ணினா சீனியர் மேல பாசம் வருமா? பயம்தான் வரும்.

குட்டி ஒருத்தரைப் பார்க்கணும், தூரமா நின்னு யோசிக்கணும், பிடிச்சா தானா கிட்டப் போகணும். பிடிக்கலைன்னா திரும்பி வர வழி இருக்கணும். இதுல நம்ம வேலை ஒண்ணே ஒண்ணுதான்: புதுசா ஏதாவது கண்ணுல படற அதே நேரம் வாயில ஒரு நல்ல விஷயம் விழற மாதிரி பார்த்துக்கறது. உப்பு, காரம் இல்லாம வேகவச்ச கோழி, சுண்டுவிரல் நக அளவுல போதும். இல்லைன்னா வேகவச்ச முட்டைத் துணுக்கு. சாக்லேட், வெங்காயம், திராட்சை மூணும் நாய்க்கு விஷம், ஆசைக்கும் கொடுத்துராதீங்க.

சைக்காலஜி படிக்கிற ஃப்ரெண்டு இருந்தா கேட்டுப் பாருங்க, பாவ்லோவ் கதையை விலாவாரியா சொல்வாங்க. அந்த ரஷ்யாக்காரர் 1904-ல் நோபல் பரிசு வாங்கினது என்னவோ ஜீரணத்தைப் பத்தின ஆராய்ச்சிக்கு. ஆனா உலகம் ஞாபகம் வச்சிருக்கிறது, சாப்பாடு வரப்போகுதுன்னு தெரிஞ்சதுமே எச்சில் ஊறின அவரோட நாய்களைத்தான். ஹெல்மெட் வந்தா கோழி வரும், மிக்ஸி ஓடினா முட்டை வரும்னு குட்டி மனசுல பதிஞ்சிட்டா, நீங்க பாஸ்.

குட்டி பயப்படுதுன்னு எப்படித் தெரியும்? வாலைக் காலுக்கு நடுவுல சொருகிக்கும். காதைப் பின்னாடி மடிச்சிக்கும். சாப்பாடே இல்லாம உதட்டை நக்கும். தூக்கம் வராமலே கொட்டாவி விடும். முகத்தைத் திருப்பிக்கும். சிலது அப்படியே கல்லு மாதிரி உறைஞ்சு நிக்கும். "பாரேன், எவ்ளோ சமர்த்தா நிக்குது!"ன்னு நாம நினைப்போம். சமர்த்து இல்லை பாஸ், உள்ளுக்குள்ள உதறல்! பிடிச்ச கோழியைக்கூட வாங்க மறுத்தா பயம் ஜாஸ்தின்னு அர்த்தம். உடனே தள்ளிப் போங்க. பத்தடி போதலையா, இருபதடி. நாளைக்கு மறுபடி பார்த்துக்கலாம்.

இன்னொரு டவுட். "பயப்படும்போது தூக்கிக் கொஞ்சினா பயம் இன்னும் ஜாஸ்தியாகும்"னு ஒரு பேச்சு உண்டு. கவலையே வேண்டாம். பயம்ங்கிறது கொஞ்சலுக்காகப் போடற நாடகம் இல்லை. குட்டி உங்ககிட்ட ஒண்டிக்க வந்தா தாராளமா அணைச்சுக்கங்க. நீங்க பக்கத்துல இருந்தா பயமில்லைன்னு அது கத்துக்கிட்டா உங்களுக்கு என்ன நஷ்டம்?

டமால்... டுமீல்!

நம்ம ஊர் நாய்களுக்கு வருஷா வருஷம் வர்ற பெரிய பரீட்சை தீபாவளி. நமக்கு 20,000 ஹெர்ட்ஸோட காது நின்னு போயிடும். நாய்க்கு 45,000 வரைக்கும் கேக்கும். நமக்கே காதைப் பொத்திக்கத் தோணற ஆயிரம்வாலா அதுக்கு எப்படி இருக்கும்னு நீங்களே கற்பனை பண்ணிக்கங்க.

இதுக்கு ரிகர்சல் இருக்கு. போன்ல வெடிச் சத்தம், இடிச் சத்தம், மேளச் சத்தம் எல்லாம் தேடி எடுத்துக்கங்க. குட்டி சாப்பிடற நேரத்துல, பக்கத்துல இருக்கிற நமக்கே சரியாக் கேக்காத அளவுக்குச் சின்னதா வைங்க. குட்டி சட்டை பண்ணாம சாப்பிட்டா, ரெண்டு நாள் கழிச்சு ஒரே ஒரு பாயின்ட் ஏத்துங்க. தலையைத் தூக்கி முழிச்சா, பழைய அளவுக்கு இறங்கிடுங்க. அவசரமே வேண்டாம். நிஜ தீபாவளி அன்னைக்கு மாடிக்குத் தூக்கிட்டுப் போய் "பழக்கறேன்"னு காட்டக் கூடாது. உள் ரூம், மூடின ஜன்னல், ஓடற ஃபேன், கூட ஒரு ஆள். அது போதும்.

கடிச்சு விளையாடுதே...

குட்டிக்குப் பால்பல் 28. ஒவ்வொண்ணும் ஊசி! கடிக்கிற பலத்தை எப்படி அடக்கறதுங்கிறதை அதுக்குச் சொல்லித் தர்ற முதல் வாத்தியாருங்க, கூடப் பிறந்தவங்கதான். ஒண்ணு ஓங்கிக் கடிச்சா இன்னொண்ணு 'வீல்'னு கத்திட்டு விளையாட்டை நிறுத்திடும். "ஓ, இவ்ளோ அழுத்தக் கூடாதா!"ன்னு கடிச்சது கத்துக்கும். நீங்களும் அதையே பண்ணுங்க. அடிக்காதீங்க, மூக்குல தட்டாதீங்க. கையை எடுத்துட்டு, முப்பது செகண்ட் கண்டுக்காம இருங்க. அப்புறம் கடிக்கத் தோதா ஒரு பொம்மை கொடுங்க.

இதனாலதான் பால் மறக்கறதுக்கு முன்னாடியே, "ஒரு மாசம் ஆச்சு, எடுத்துக்கங்க"ன்னு கொடுக்கிற குட்டியை வாங்காதீங்க. மத்திய அரசோட 2017-ம் வருஷ நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள்படி 8 வாரத்துக்குக் குறைஞ்ச குட்டியை விக்கவே கூடாது. ஆனா ஒண்ணு கவனிங்க. 8 வாரம் அம்மாகிட்ட இருக்கணும்னா, ஜன்னல் காலத்துல பாதி அங்கேயே போயிடும். அதனால குட்டியை வாங்கப் போறப்ப விலையை மட்டும் பேசாம, அது வளர்ற இடத்தையும் பாருங்க. இருட்டு ஷெட்டா, மனுஷ சத்தம் கேக்கிற வீடா? அம்மா நாய் ஆளைப் பார்த்தா வாலாட்டுதா, மூலையில பதுங்குதா? அதுலயே பாதி ஜாதகம் தெரிஞ்சிடும்.

முக்கியமா ஒண்ணு. குட்டியோ, பெரிய நாயோ, கடிச்சு ரத்தம் வந்தாலோ பிறாண்டிக் காயமானாலோ, ஓடுற தண்ணியில சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிட்டு அன்னிக்கே டாக்டரைப் பாருங்க. மஞ்சள்தூள், காபித்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். ரேபிஸ் வந்தப்புறம் மருந்து இல்லை. வர்றதுக்கு முன்னாடிதான் ஊசி இருக்கு.

நம்ம நாட்டு ஹீரோக்கள்

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை. 2005-ல் இந்திய அஞ்சல் துறை நாய்களுக்காக வெளியிட்ட நாலு தபால்தலையில ஒண்ணு நம்ம ராஜபாளையம்! ஆனா "அது ஒரே எஜமானைத்தான் ஏத்துக்கும், வேற யாரும் கிட்டப் போக முடியாது"ன்னு பெருமையா மீசையை முறுக்குவாங்க. காவலுக்குன்னு வளர்த்த ஜாதிக்குச் சந்தேகம் கொஞ்சம் கூடவே இருக்கலாம். ஆனா குட்டியிலேயே தோட்டத்துல கட்டிப்போட்டு, ஒரே ஆள் மட்டும் சோறு வச்சா, எந்த ஜாதி நாய்தான் அடுத்தவனை நம்பும்? காவலுக்கும் மிரட்சிக்கும் வித்தியாசம் இருக்கு. மிரண்ட நாய் திருடனையும் கடிக்கும், தபால்காரரையும் கடிக்கும், பந்து எடுக்க வந்த பக்கத்து வீட்டுப் பையனையும் கடிக்கும். நாலு பேரைப் பார்த்து வளர்ந்த நாய்க்குத்தான், அஞ்சாவது ஆள் கொஞ்சம் ஒரு மாதிரி இருந்தா சட்டுன்னு தெரியும்.

தெருவுல கிடைச்ச குட்டியும் அப்படித்தான். ஒரு விஷயத்துல அது நமக்கு சீனியர். ஆட்டோ, லாரி, கூட்டம் எல்லாம் பிறந்தப்பவே பார்த்தது. அதுக்குப் புதுசு வீட்டுக்குள்ள இருக்கிற உலகம்தான். சுழல்ற ஃபேன், மூடற கதவு, டிவி, வழுக்கற தரை. அதோட பாடத்தை அங்கிருந்து ஆரம்பிங்க.

ஹாஸ்டல் வாலுகளுக்கு ஒரு வார்த்தை

கொஞ்சம் சீரியஸா பேசலாமா?

நாலு பேர் சேர்ந்து ரூம் எடுத்துத் தங்கியிருப்பீங்க. யாரோ ஒருத்தர் பர்த்டேக்கு ஒரு குட்டி கிஃப்ட்டா வரும். ரூமே கொண்டாடும். செமஸ்டர் வரும். குட்டி பாத்ரூமுக்குப் பக்கத்துல கட்டுப்படும். லீவு வரும். "டேய், நீ ஊருக்குக் கூட்டிட்டுப் போடா." "எங்க வீட்ல சேர்க்க மாட்டாங்கடா." ஃபைனல் இயர் முடியும். ஒருத்தன் பெங்களூர், ஒருத்தி புனே, ஒருத்தன் வேலை தேடி ஊரு. நாய்? அதோட ஆயுசு 10 முதல் 13 வருஷம். உங்க டிகிரி 3 வருஷம், இல்லைன்னா 4.

அன்னைக்கு அந்த நாய் புது மனுஷங்களை ஏத்துக்கத் தெரிஞ்ச நாயா இருந்தா, யாராவது ஒருத்தர் "நான் வச்சுக்கறேன்"னு கை நீட்டுவாங்க. அந்த ரூமைத் தவிர வேற உலகமே பார்க்காத, யாரைக் கண்டாலும் உறுமற நாயா இருந்தா? கை நீட்டறதுக்கு ஆளே இருக்காது. அதுக்கு மிச்சம் ஒரு சங்கிலியோ, இல்லைன்னா பழக்கமே இல்லாத ஒரு தெருவோதான்.

அதனாலதான் சொல்றேன். குட்டியை நாலு பேரோட பழக்கறது, வீட்டுக்கு வர்றவங்க முன்னாடி 'ஷேக்ஹேண்ட்' கொடுக்க வச்சு பந்தா பண்றதுக்கு இல்லை. அது நீங்க அதுக்கு எடுத்துக் கொடுக்கிற இன்ஷூரன்ஸ். நீங்க எக்ஸாம் ஹால்ல இருக்கிற நாள், ஆஸ்பத்திரியில படுத்திருக்கிற நாள், வேற ஊருக்குப் போற நாள்... அந்த நாள்ல அதைப் பார்த்துக்க இன்னொரு மனுஷன் வேணும். அந்த இன்னொரு மனுஷனை நம்ப அதுக்குத் தெரிஞ்சிருக்கணும்.

அதே காரணத்துக்காக, தனியா இருக்கவும் பழக்குங்க. முதல்ல ஒரு நிமிஷம் கதவுக்கு வெளிய, அப்புறம் அஞ்சு, அப்புறம் பத்து. போகும்போதும் சீன் வேண்டாம், வரும்போதும் சீன் வேண்டாம்.

லேட் ஆயிடுச்சே பாஸ்!

"எங்க நாய்க்கு இப்ப ஒரு வயசு. ஜன்னல் மூடிடுச்சு. அவ்ளோதானா?" இல்லவே இல்லை. மூடின ஜன்னலைத் தட்டித் தட்டித் திறக்கலாம், நேரம் ஆகும், அவ்வளவுதான். குட்டி ஒரு நாள்ல கத்துக்கறதைப் பெரிய நாய் ஒரு மாசத்துல கத்துக்கும். இன்னும் தூரமா ஆரம்பிக்கணும், இன்னும் சின்ன அடியா வைக்கணும். எல்லாரையும் கொஞ்ச வைக்கணும்னு ஆசைப்படாதீங்க, பார்த்துட்டுப் பேசாம கடந்து போனாலே வெற்றி. யாரையாவது கடிச்சிருந்தாலோ, கடிக்கப் பாய்ஞ்சாலோ நீங்களா வைத்தியம் பார்க்காம டாக்டர்கிட்ட போங்க. வலி இருந்தாலும் நாய் சிடுசிடுன்னு இருக்கும். சென்னைக்காரங்களுக்கு, 1903-ல் ஆரம்பிச்ச, இப்ப வேப்பேரியில இருக்கிற கால்நடை மருத்துவக் கல்லூரியோட ஆஸ்பத்திரியே இருக்கு.

இந்த வார ஹோம்வொர்க்

திங்கள்: பாதம், காது, வாய் தொடும் பயிற்சி, ரெண்டு நிமிஷம்.

செவ்வாய்: தோள்ல தூக்கிட்டு பஸ் ஸ்டாப் வேடிக்கை, பத்து நிமிஷம்.

புதன்: ரெஸ்ட். ஆமா, நிஜமாத்தான். தூங்கற குட்டிதான் நல்லா கத்துக்கும்.

வியாழன்: சாப்பாட்டு நேரத்துல, போன்ல ரொம்பச் சின்ன சத்தத்துல வெடி.

வெள்ளி: ஹெல்மெட், குடை, கைத்தடியோட ஒரு மாறுவேடப் போட்டி. ஜட்ஜ் குட்டி!

சனி: புது ஆளுங்க ரெண்டு பேர். தரையில உட்காரட்டும், கையை நீட்டாம இருக்கட்டும். குட்டி தானா வரட்டும்.

ஞாயிறு: ஊசி போட்ட, சாந்தமான ஒரு பெரிய நாயோட மீட்டிங். அதோட, அஞ்சு நிமிஷம் தனியா இருக்கிற பயிற்சி.

உங்ககிட்ட குட்டி இல்லையா? கவலையை விடுங்க. தெருவுல யாரு வீட்லயாவது புதுசா ஒண்ணு வந்திருக்கும். போய்க் கதவைத் தட்டி, "ஆன்ட்டி, உங்க குட்டி பார்க்க வேண்டிய நூறு பேர்ல ஒருத்தனா வரலாமா?"ன்னு கேளுங்க. கையைக் கழுவிட்டு, செருப்பை வாசல்ல விட்டுட்டு, தரையில உட்காருங்க. அது கிட்ட வர்ற வரைக்கும் காத்திருங்க.

வரும் பாஸ். ஜன்னல் திறந்துதான் இருக்கு.

அடுத்த வாரம் பார்ப்போமா? டாட்டா!